ஓட்ஸ் கஞ்சியும் இருதய நலமும்

நெசவாளர் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில் ஓட்ஸைப் பற்றிய பேச்சு எழும் என்று நாம் எதிர்பார்த்துச் சென்றதில்லை. ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கு ஏற்கப்பட்டது. சிக்கன நிதிக்குரிய வட்டியைப் பற்றிய வழக்கமான வாக்குவாதமும் ஓய்ந்தது. அதன்பின், ‘இதர விஷயங்கள்’ என்னும் தலைப்பின் கீழ் ஓர் அங்கத்தினர் எழுந்து நின்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம்; நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதித்தவர். சங்கக் கட்டிடத்தின் முன்கட்டிலுள்ள பண்டகசாலையில் ஓட்ஸ் வாங்கி வைக்க வேண்டுமென்றும், வெளிக்கடையில் சிறு பொட்டலங்களாக வாங்கித் தமக்குக் கட்டுபடியாகவில்லை என்றும் அவர் சொன்னார். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, மாவட்டத் தலைநகரிலுள்ள மருத்துவமனையில் இருதயத்தின் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் பொருத்தப்பட்டிருந்தது என்பதை நாம் பிற்பாடுதான் அறிந்தோம்.

தலைவர் நம் பக்கம் திரும்பி, “ஆய்வாளர் ஐயா படித்தவர். இதில் அவருடைய அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார். பட்டம் பெற்றவனுக்கு இதைவிட வேறு ஆபத்து வேண்டுவதில்லை. நாம் எழுந்து பத்து நிமிடம் பேசினோம். ஓட்ஸ் இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளைக் குறைக்கும் என்றோம். அமெரிக்க அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றோம். காலையில் வடையும் பஜ்ஜியும் தேநீருமாகப் பொழுதைத் தொடங்குவதைக் காட்டிலும் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி இருதயத்துக்கு எவ்வளவோ மேல் என்றோம். கைதட்டினார்கள். ஓட்ஸ் கொள்முதல் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்று நாம் சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய்யன்று. சொல்லாமல் விட்டவையே பல.

மூன்று மாதங்கள் கழித்து இருப்புச் சரிபார்ப்புக்காக மீண்டும் அச்சங்கத்துக்குச் சென்றபொழுது, அவருடைய தறி ஓடவில்லை என்று கேள்வியுற்று வீட்டுக்குச் சென்றோம். அவர் படுத்திருந்தார். விவரம் சொன்னவர் அவருடைய மனைவியார். “நீங்கள் கூட்டத்தில் சொன்னீர்களாம் ஐயா, இதைச் சாப்பிட்டால் கொழுப்பு குறையும் என்று. மாத்திரை வாங்கப் போனால் மாதத்தில் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் இந்தக் கஞ்சிதான் குடித்தார்” என்றார் அந்த அம்மாள். அவருடைய குரலில் குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

அவர் நிறுத்தியது கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரையை மட்டுமன்று. வலைக்குழாயினுள் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளையும் சேர்த்தே நிறுத்தியிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் மறுபடியும் நெஞ்சுவலி கண்டது. குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. காலத்தில் கொண்டு சேர்த்தமையால் உயிர் பிழைத்தார். அன்று மகாசபையில் விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறோம். இவ்விதழ் அவருடைய வீட்டுக்கும் போகிறது.

ஓட்ஸ் என்பது குளிர்ந்த, ஈரமான நாடுகளில் விளையும் ஒரு தானியம். கோதுமை சரிவர முற்றாத இடங்களிலும், வளங்குறைந்த மண்ணிலும் அது விளையும். ரஷ்யா, கனடா, ஆஸ்திரேலியா, போலந்து, பின்லாந்து ஆகிய நாடுகளில் அது மிகுதியாகப் பயிராகிறது. நம் நாட்டில் வடமாநிலங்களில் குளிர்காலப் பயிராக அதை விதைக்கிறார்கள். ஆயினும் அது பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கே. மனிதர் உண்ணும் ஓட்ஸில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து, வருகிறது. ‘இதை நம் நிலத்தில் பயிரிட்டால் என்ன?’ என்று வேளாண் அன்பர்கள் கேட்பார்களாதலின் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். நம் சமவெளியின் வெயில் அதற்கு ஏற்றதன்று.

குதிரைக்கு இடுகிற தீவனத்தை மனிதர் உண்பதா என்னும் ஏளனம் அத்தானியத்துக்குப் பழையது. 1755இல் ஆங்கில அகராதி தொகுத்து வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஓட்ஸுக்குப் பொருள் கூறும் இடத்திலேயே ஸ்காட்லாந்து மக்களை இதன்பொருட்டுப் பரிகாசம் செய்திருக்கிறார். ஸ்காட்லாந்தியர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்நாட்டுப் பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதி ஓட்ஸ் மாவாகவே அளக்கப்பட்டு வந்தது. நம் ஊர்களில் நெல்லாகப் படியளந்ததைப் போல என்று கொள்ளலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ‘மாவுத் திங்கட்கிழமை’ என்றொரு விடுமுறையே இருந்தது. ஏழை மாணவர்கள் ஊருக்குச் சென்று, தீர்ந்துபோன ஓட்ஸ் மாவு மூட்டையை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்காக ஏற்பட்ட விடுமுறை அது. தண்ணீரும் உப்பும் சேர்த்து, மரக்கோலால் கிளறிக் காய்ச்சுவதே அவர்களுடைய கஞ்சி. பாலும் சர்க்கரையும் பிற்காலத்துச் சேர்க்கை.

அமெரிக்காவில் இத்தானியம் பொட்டலத்துக்குள் புகுந்த வரலாறு கூட்டுறவாளர் அறியத்தக்கது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்பவர் 1850களில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஓட்ஸ் அரைத்து விற்கத் தொடங்கினார். உள்நாட்டுப் போரின்போது படைகளுக்கு உணவாக அரசாங்கம் அவரிடம் கொள்முதல் செய்தது. அக்காலத்தில் மளிகைக் கடைகளில் பீப்பாயிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதே வழக்கம். 1877இல் குவேக்கர் என்னும் வணிகக் குறி பதிவாயிற்று. பின்னர் அக்குறியை வாங்கிய ஹென்றி குரோவெல் என்பவர், அதே பண்டத்தை அட்டைப் பெட்டியில் அடைத்து, படம் போட்டு, சமைக்கும் முறையையும் அச்சிட்டு, நாடெங்கும் விளம்பரம் செய்து விற்றார். பீப்பாயில் இருந்தவரை அது தானியம். பெட்டிக்குள் போனபின் அது பெயரும் முகமும் உடைய சரக்காயிற்று. இன்று நம் ஊர்க் கடையில் இருதயப் படம் பொறித்துத் தொங்கும் பொட்டலம் வரையில் அந்த வழிதான் நீண்டு வந்திருக்கிறது.

இனி, இருதயத்துக்கு அது நன்மை செய்யும் என்ற சொல் எங்கிருந்து வந்தது? 1963இல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் 21 ஆண்களுக்கு மூன்று வாரம் நாள்தோறும் 140 கிராம் ஓட்ஸ் சேர்த்துச் சுட்ட ரொட்டியைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்தது. அதன்பின் அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் முதலானோர் ஓட்ஸ் தவிட்டைக் கொண்டு பல சோதனைகள் செய்தனர். 1987இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய நூலொன்று இதைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டு சென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் ஓட்ஸ் தவிடு அகப்படாத பொருளாயிற்று. உருளைக்கிழங்கு வறுவலில்கூட ஓட்ஸ் தவிட்டைச் சேர்த்து இருதயத்தின் பெயரால் விற்றார்களாம். எண்ணெயில் பொரித்ததை!

1990 ஜனவரியில் பாஸ்டன் நகரத்து ஆய்வொன்று வெளிவந்தது. 20 ஆரோக்கியமான நபர்களுக்குச் சில வாரம் ஓட்ஸ் தவிடும், சில வாரம் தவிடு நீக்கிய கோதுமைப் பண்டமும் கொடுத்துப் பார்த்ததில், இரண்டிலும் கொலஸ்டிரால் ஒரே அளவில்தான் குறைந்தது. காரணம் யாதெனில், இவற்றால் வயிறு நிரம்பவே அவர்கள் கொழுப்புள்ள பிற பண்டங்களைக் குறைவாக உண்டனர். அத்துடன் அந்த மோகம் சரிந்தது. ஆனால் அந்த ஆய்வும் கடைசிச் சொல்லன்று. அவர்கள் ஏற்கெனவே கொலஸ்டிரால் மிகாதவர்கள், ஆட்களும் சிலரே. பின்னர் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபொழுது, ஓட்ஸுக்கென்று தனியாக ஒரு நற்பயன் உண்டு என்பதும், அது சிறியது என்பதும் ஒருங்கே உறுதியாயின. 1997 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸ் பொட்டலத்தின்மீது இருதய நலத்தைப் பற்றிய வாசகத்தை அச்சிட அனுமதித்தது. ஒரு குறிப்பிட்ட உணவுப் பொருளுக்கு அந்நாட்டில் அத்தகைய அனுமதி கிடைத்தது அதுவே முதன்முறை. அவ்வனுமதி கேட்டு விண்ணப்பித்தது ஓட்ஸ் விற்கும் நிறுவனமே என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். வாசகத்துக்கு நிபந்தனைகள் உண்டு: கெட்டிக்கொழுப்புக் குறைந்த உணவு முறையின் ஒரு பகுதியாக உண்ண வேண்டும், நாளொன்றுக்குக் கரையும் நார்ப்பொருள் 3 கிராம் கிடைக்க வேண்டும், அப்படியும் இருதய நோயின் அபாயம் ‘குறையக்கூடும்’ என்றே எழுதலாம். மகாசபையில் நாம் அமெரிக்க அரசாங்கத்தைச் சாட்சிக்கு அழைத்தபொழுது இந்த நிபந்தனைகளை வாசிக்கவில்லை.

அந்த நார்ப்பொருளின் பெயர் பீட்டா குளூக்கன். அது செய்யும் வேலையை நெசவாளருக்கு விளக்குவது எளிது. பாவுக்குக் கஞ்சி தோய்ப்பவர்கள் பசையின் பதத்தைக் கையால் அறிவார்கள். நீர்த்துப்போனால் இழை பிசிறும். பதமாக இருந்தால் இழையைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்ளும். ஓட்ஸைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் வழவழவென்று ஒரு பசை கூடுகிறதல்லவா? அதுதான் பீட்டா குளூக்கன். குடலுக்குள் சென்றபின்னும் அது பசையாகவே இருந்து, பித்தநீரைப் பிடித்துக்கொள்கிறது.

பித்தநீரைக் கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டே தயாரிக்கிறது. உண்ட கொழுப்பைச் செரிக்கச் செய்வதற்காக அது குடலுக்குள் இறங்குகிறது. வேலை முடிந்ததும் அதில் 100க்கு 95 பங்கு குடலால் உறிஞ்சப்பட்டு மறுபடியும் கல்லீரலுக்கே வந்துவிடுகிறது. நம் சங்கங்களின் சுழல்நிதியைப் போன்றது இந்த ஏற்பாடு. கொடுத்த முன்பணம் திரும்பி வந்துகொண்டிருக்கும் வரையில் இருப்பைத் தொட வேண்டியதில்லை. பசை பித்தநீரின் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிட்டால் நிதியில் துண்டு விழுகிறது. கல்லீரல் அதை ஈடுகட்ட இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை, அதிலும் கெட்டதென்று சொல்லப்படும் எல்.டி.எல். கொலஸ்டிராலை, இழுத்துக்கொள்கிறது. ஆகவே இரத்தத்தில் அது குறைகிறது. கொழுப்பு ‘கரைகிறது’ என்று சொல்வது பிழை. குழாய்ச் சுவரில் படிந்துவிட்ட அடைப்பைக் கஞ்சி சென்று கழுவுவதில்லை.

எவ்வளவு குறைகிறது என்பதுதான் விஷயத்தின் உயிர்நிலை. 100 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 4 கிராம் பீட்டா குளூக்கன் இருக்கும். 3 கிராம் கிடைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். பொட்டலத்தில் ஒரு வேளைக்கென்று குறித்திருப்பதோ பெரும்பாலும் 30 அல்லது 40 கிராம். அஃதாவது, காலையில் ஒரு கிண்ணம் குடிப்பவருக்குத் தேவையில் பாதியே கிடைக்கிறது. இரண்டு கிண்ணமாக நாள் தவறாமல் உண்பவருக்கு எல்.டி.எல். 100க்கு 5 முதல் 7 வரை குறையலாம். 160 என்றிருந்த அளவு 150க்கு அருகில் வரும். நல்லதுதான். ஆனால் மருத்துவர் கொடுக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை அதே அளவை 100க்கு 30 முதல் 50 வரை குறைக்கக்கூடியது. வலைக்குழாயில் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையின் வேலையோ ஓட்ஸின் வேலைகளில் சேர்ந்ததே அன்று. அதில் ஓட்ஸின் பங்கு பூஜ்யம். நம் அங்கத்தினர் கைவிட்டதற்கும் கைப்பற்றியதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தது. அந்த எண்கள் நமக்குத் தெரிந்தே இருந்தன. யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நாம் அன்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஓட்ஸ் கஞ்சியே இருதயத்துக்குக் காப்பு என்றால், அதைப் பல நூற்றாண்டுகளாக உண்டுவரும் ஸ்காட்லாந்தில் மாரடைப்பு அரிதாக அல்லவா இருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இருதய நோயால் மாண்டவர்களின் விகிதத்தில் உலகிலேயே மிக முன்னால் நின்ற நாடுகளுள் ஸ்காட்லாந்தும் ஒன்று. புகைபிடித்தல், கொழுப்பு மிகுந்த இறைச்சிப் பண்டங்கள், காய்கனிகளின் குறைவு, தொழில் நகரங்களின் வறுமை ஆகியவை கஞ்சியின் சிறு உதவியை விழுங்கிவிட்டன. அந்நாட்டில்தான், கிளாஸ்கோ நகரைச் சூழ்ந்த மேற்குப் பகுதியில், கொலஸ்டிரால் மிகுந்திருந்தும் அதுவரை மாரடைப்பு காணாத 6,595 ஆண்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதியினருக்குப் பிரவஸ்டாட்டின் என்னும் மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. 1995இல் முடிவு வெளியாயிற்று. மருந்து உண்டவர்களிடையே மாரடைப்பும் இருதய நோய் மரணமும் 31 சதவீதம் குறைந்திருந்தன. கஞ்சி குடித்து வளர்ந்த நாட்டிலேயே மாத்திரையின் பயன் நிறுவப்பட்டது என்பதை நம் அங்கத்தினருக்கு அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

பின்லாந்தின் கதையும் இதற்கு ஒத்தது. ஆனால் நம்பிக்கை தருவது. அங்கும் ஓட்ஸ் கஞ்சி வீட்டுக்கு வீடு உண்டு. எனினும் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஆராய்ச்சியில், இருதய நோய் மிக அதிகமாகக் காணப்பட்டவர்கள் கிழக்குப் பின்லாந்து ஆண்களே. பால்மாடு வளர்ப்போர் நிறைந்த பகுதி அது. ரொட்டிமேல் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, புகையிலை இவையே வழக்கம். வட கரேலியா என்னும் அந்த மாகாணத்து மக்கள் 1971இல் தலைநகருக்கு விண்ணப்பம் எழுதி உதவி கோரினர். மறு ஆண்டு பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் வேலை தொடங்கியது. இல்லத்தரசிகளின் மார்த்தா சங்கங்கள் ஊர்தோறும் கூடிச் சமைத்துக் காட்டின. வெண்ணெயின் இடத்துக்குத் தாவர எண்ணெய் வந்தது. பாலில் கொழுப்புக் குறைந்தது, உப்புக் குறைந்தது, ஆண்களிடையே புகைபிடித்தல் குறைந்தது. வெண்ணெயின் விற்பனை சரிந்தால் பால் உற்பத்தியாளரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி எழாமல் இல்லை. எழுந்தது, சச்சரவும் இருந்தது. அம்மண்ணில் நன்கு விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிடுவதற்கு 1980களில் விவசாயிகளுக்கு வழிகாட்டும் திட்டமும் அதனால்தான் உருவாயிற்று. ஒரு தலைமுறைக்குள், உழைக்கும் வயதுடைய ஆண்களிடையே இருதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. கஞ்சி முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. அதைச் சுற்றியிருந்தவை மாறின.

அப்படியானால் நம் பண்டகசாலையில் ஓட்ஸ் வைக்கலாமா, கூடாதா? வைக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். எந்த ஓட்ஸ் என்பதில்தான் கவனம் வேண்டும். மசாலா கலந்து, இரண்டு நிமிடத்தில் தயாராகும் என்று விற்கும் சிறு பொட்டலங்களின் பின்புறத்தில் சோடியத்தின் அளவு அச்சிட்டிருக்கும். அதைப் படித்தல் வேண்டும். நாளொன்றுக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்த அழுத்தம் உடையவர் ஓட்ஸின் பெயரால் உப்பை வாங்கி உண்பதில் பொருளில்லை. தேனும் பழத்துண்டும் கலந்ததென்று விற்பவற்றில் சேர்த்த சர்க்கரையைப் பார்க்க வேண்டும். எதுவும் கலவாத தட்டை ஓட்ஸே போதும். அதிலும் மிக மெல்லியதாக நசுக்கியது விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுமாதலின், நீரிழிவு உடையவர்கள் தடித்த தட்டையை வாங்குவது நலம். சர்க்கரையும் பாலும் இல்லாமல் எப்படி இறங்கும் என்று ஓர் அம்மையார் நம்மிடம் கேட்டார். கம்பங்கூழ் எப்படி இறங்குகிறதோ அப்படியே! தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துப் பார்த்தோம். ஸ்காட்லாந்தியர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நமக்கு நன்றாகவே இருந்தது. நார்ப்பொருள் பழகாதவர்கள் சிறிய அளவில் தொடங்க வேண்டும். இல்லாவிடில் வயிறு உப்பி, தறிக்குழியில் குனிந்து உட்கார முடியாது.

ஓட்ஸுக்குச் செலவிட மனமில்லாதவர்கள் பார்லியை மறக்க வேண்டியதில்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நாம் மளிகைக் கடையில் வாங்கும் அதே பார்லி அரிசிதான். அதிலும் பீட்டா குளூக்கன் ஓட்ஸுக்குக் குறையாமல் உண்டு. பார்லியில் அது உள்மணி முழுதும் பரவியிருப்பதால், உமியும் தவிடும் தீட்டி எடுத்தபின்னும் பெரும்பகுதி தங்குகிறது. 2006இல் அமெரிக்க நிர்வாகம் ஓட்ஸுக்குத் தந்த அனுமதியைப் பார்லிக்கும் விரித்தது. பார்லி வேக நேரம் அதிகம். விலை பெரும்பாலும் குறைவு. பயறு வகைகளைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வெந்த நிலையில் ஏறத்தாழ 130 கிராம், அதாவது ஒரு கிண்ணம், நாள்தோறும் உண்டால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைவதாகப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். தட்டைப்பயறும் கொண்டைக்கடலையும் நம் வேளாண் அன்பர்களிடமே கிடைக்கும். கேழ்வரகிலும் கம்பிலும் இந்தக் குறிப்பிட்ட பசை மிகக் குறைவு. கேழ்வரகின் சிறப்பு அதன் சுண்ணாம்புச் சத்து. தவிடு நீக்காத தானியம் என்ற முறையில் அவை வெள்ளை இட்லியையும் பூரியையும் விட மேலானவை; ஓட்ஸின் சான்றிதழை எடுத்து அவற்றின்மேல் ஒட்டுவதுதான் தவறு.

சென்ற மாதம் அச்சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நாம் மறுபடியும் சென்றிருந்தோம். பழைய தீர்மானத்தைத் திருத்தி, கலப்பற்ற தட்டை ஓட்ஸ் பெரிய மூட்டையாக வாங்கி நிறுத்துக் கொடுப்பதென்றும், பார்லியும் தட்டைப்பயறும் உடன் வைப்பதென்றும் முடிவாயிற்று. கலந்த பொட்டலங்கள் வேண்டாமென்று விடப்பட்டன. ‘மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது’ என்று ஒரு பலகை எழுதி ஓட்ஸ் மூட்டைக்கு மேல் தொங்கவிட நாம் சொன்னோம். பலகை சரிதான், ஆனால் அவர் மாத்திரையை நிறுத்தியது அறியாமையால் மட்டுமா என்று உறுப்பினராகிய ஒரு நெசவுக்கார அம்மையார் கேட்டார். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் என்று அவருடைய மனைவியார் நம்மிடம் சொன்னது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் சங்க வண்டி அதுவரை வெள்ளிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தது. மருத்துவமனையில் இருதய நோயாளிகளைப் பார்க்கும் நாள் புதன்கிழமை. வண்டியைப் புதன்கிழமைக்கு மாற்றி, மாத்திரை வாங்க வேண்டிய அங்கத்தினர்களை அதில் கட்டணமின்றி ஏற்றிச் செல்வதென்றும், அன்றைய கூலி இழப்பில் பாதியைப் பொதுநல நிதியிலிருந்து கொடுப்பதென்றும் தீர்மானம் எழுதப்பட்டது. பொதுநல நிதியை இவ்வாறு செலவிடத் துணை விதிகளில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு, இருக்கிறது.

முதல் புதன்கிழமை வண்டியில் ஐந்து பேர் சென்றனர். நம் அங்கத்தினர் முன்னிருக்கையில் இருந்தார். தறி இன்னும் ஓடத் தொடங்கவில்லை; மருத்துவர் அனுமதித்தால் தை பிறந்தபின் பாவு ஏற்றலாம் என்றிருக்கிறார். காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி குடிப்பதை அவர் விடவில்லை.